அந்த வெளிச்சம் நாங்கதான் சார்

“சார், நீங்க புஸ்தகத்துல எழுதினீங்கல்ல, வானத்துல வெளிச்சம் தெரியுதுன்னு... அது நாங்கதான் சார்.”

போன செவ்வாய்க்கிழமை காலை பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வந்த போன் இது. பேசியவர் பெயர் ரோசம்மாள். பொன்முடி மலையடிவாரத்திலுள்ள வித்துராவில் ஒரு ஹாஸ்டலில் கூட்டித் துடைக்கிற வேலை. பத்திரிகை ஆபீசில் கெஞ்சி என் நம்பரை வாங்கியிருக்கிறார். யாரோ கலாய்க்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தப் பக்கத்தில் சிரிப்பே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதியது நினைவிருக்கிறதா? நிறைய பேர் ரசித்து ஃபார்வர்டு செய்தீர்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. இன்று அதை நினைத்தால் காது சுடுகிறது.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவராகத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ராமநாதன். பேங்கில் ரிட்டயர் ஆனவர். பொன்முடி போய்விட்டுத் திரும்பும் வழியில் எதையோ பார்த்துவிட்டார்.

“ஓய், கண்ணால கண்டேன், கேட்டேளா? ஆகாசத்துல வரிசையா அஞ்சாறு வெளிச்சம். ப்ளேனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. டப்புனு ஒண்ணா அணைஞ்சுடுத்து!”

பத்திக்கு விஷயம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மறுநாளே மச்சினனின் பைனாகுலரை வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பினோம். வித்துராவைத் தாண்டி ஒரு வளைவில் சுகுமாரனின் டீக்கடை. பழம்பொரி சாப்பிட்டபடி காத்திருந்தோம். சாயங்காலமே மஞ்சு, அதாவது பனிமூட்டம், இறங்கி, மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

ஏழு மணி தாண்டியதும்... வந்தது. ஆறு வெள்ளை வெளிச்சம். வரிசையாக நகர்ந்தது. நின்றது. எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் உயரத்தில் மறுபடி எரிந்தது. ராமநாதன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்வானேன்?

டீ ஆற்றிக்கொண்டே சுகுமாரன் சொன்னார்: “மேலே பழைய எஸ்டேட் லயத்துல ஆளு உண்டு சாரே. அவங்களா இருக்கும்.”

அதை நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆம், குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது அந்த வரி இடித்தது. அதைப் போட்டால் பத்தி இரண்டாவது பாராவிலேயே படுத்துவிடும். பறக்கும் தட்டு, வேற்றுக்கிரகவாசி, ராமநாதனின் நடுக்கம் எல்லாம் வீணாகிவிடுமே! பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். ‘ஊர்க்காரர்களுக்கும் புரியாத மர்மம்’ என்று முடித்தேன்.

ரோசம்மாளிடம் சொல்லிவைத்துவிட்டு வியாழக்கிழமை தனியாக அதே டீக்கடைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரோசம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் வந்தார்கள். எல்லோரும் தமிழர்கள். எஸ்டேட் மூடிய பிறகும் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளிலேயே இருப்பவர்கள். காலையில் இறங்கி வித்துராவில் வேலை பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் வந்து இந்த வளைவில் இறங்குவார்கள். இப்படி வேலைக்குப் போய்வரும் ஆறு பெண்களும் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ஒன்றாக மலை ஏறுவார்கள்.

“அப்போ, நடுவுல ஏன் அணைச்சீங்க?”

“ஆனைச் சத்தம் கேட்டா லைட்டை அணைச்சுட்டு அசையாம நிப்போம் சார். அது போனப்புறம் நடப்போம்.”

நான் புல்லரித்து நின்ற நேரத்தில் அங்கே அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஃபார்வர்டில் சுற்றிய என் பத்தியின் போட்டோவைப் பார்த்துவிட்டு பைக்கில் கும்பல் வர ஆரம்பித்திருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களின் முகத்தில் மொபைல் வெளிச்சம். “ஏலியன், ஏலியன்” என்று கூச்சல். பாதையில் பாதி தூரம் பின்னாலேயே போய் வீடியோ. பெண்கள் வெட்கப்பட்டு டார்ச்சை எரியவிடாமலே ஏறத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படிப் போன ஒரு நாள்தான் ரோசம்மாள் கல் தடுக்கி விழுந்திருக்கிறார். வலது கையில் மாவுக்கட்டு. கை கூடி வரும்வரை துடைப்பம் பிடிக்க முடியாது. ஹாஸ்டலில் வேறு ஆள் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

“வெளிச்சம் போட்டா வீடியோ, போடலைன்னா ஆனை. நாங்க எப்படி சார் வீட்டுக்குப் போறது?”

சுகுமாரன் டீயைக் கொண்டு வந்து வைத்தார். “நான் அன்னைக்கே பறஞ்சில்லே சாரே?” என்றார். நாலு பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள், விஷயம் தெரியாமல் எழுதிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தார்கள். தரையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். ரோசம்மாள் இடது கையால் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார்.

“அதெல்லாம் வேண்டாம் சார். ஆளுங்கதான்னு எழுதிடுங்க. அது போதும்.”

எழுதுகிறேன். வித்துராவுக்கு மேலே ஏழு மணிக்குத் தெரியும் வெளிச்சம், வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும் ஆறு பெண்கள். யாரும் போய்ப் பார்க்க வேண்டாம்.

சுகுமாரன் சொன்ன ஒரே ஒரு வரிதான். நோட்டில் மூன்று வாரமாக இருக்கிறது.