மூடி போட்டு அவித்த கிழங்கு

நான் சமைத்துக் கொடுத்ததைத் தின்ற பிள்ளை என் தோளிலேயே செத்துக்கொண்டிருந்தது. கர்த்தருக்குள் அன்பானவர்களே, அந்த நாளைப் பற்றிச் சபையில் சொல்ல எனக்கு இத்தனை வருடமாகத் தைரியம் வரவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

அது 1974, தை மாதம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், வேதாகமப் பள்ளி மாணவி. கடைசி வருடத்தை வேறொரு நாட்டில், அங்குள்ள ஏழை மக்களோடு தங்கிப் படித்து முடிக்கவேண்டும் என்பது எங்கள் பள்ளியின் ஒழுங்கு. என்னை இலங்கைக்கு, பதுளைக்கு அனுப்பினார்கள். நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், நான்கு மாதமாக இருந்தேன். வீடு என்றால் ஒரேயொரு அறையும் முன்னால் ஒரு சிறு தாழ்வாரமும்தான். கொழுந்து எடுக்கும் ஞானம்மா அக்கா, அவர் கணவர் செல்லையா அண்ணன், அவர்களுடைய ஆறு வயது மகள் செல்வி. நான்காவது ஆளாக நான்.

பஞ்ச காலம். அரிசியைக் கண்ணால் காண்பதே அரிது. மரவள்ளிக்கிழங்குதான் பாதி நாள் சாப்பாடு. அதிலும் என் தட்டில்தான் பெரிய துண்டு விழும். வேண்டாம் என்றால் ஞானம்மா அக்காவுக்குக் கோபம் வரும்.

நான்கு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்தேன். அட்டை கடித்தால் உப்பு வைக்கத் தெரியும். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கத் தெரியும். தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்கத் தெரியும். "நீ எங்க ஆளாவே ஆயிட்ட தங்கச்சி" என்று அக்கா சிரிப்பார். அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கேறிவிட்டது.

அன்று புதன்கிழமை. விடாத மழை. அண்ணனும் அக்காவும் வேலைக்குப் போய்விட்டார்கள். சளி பிடித்திருந்ததால் செல்வி என்னோடு இருந்தாள். அவர்கள் நனைந்து வரும்போது சூடாக ஏதாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். மூலையில் ஒரு சாக்கில் நாலைந்து கிழங்கு கிடந்தது. வெட்டிப் பார்த்தேன். உள்ளே நீலக் கோடுகள். பழசாகிவிட்டது, அவித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். விறகு ஈரம். சீக்கிரம் வேகட்டும் என்று பானையை இறுக மூடினேன்.

செல்வி பசியோடு தின்றாள். நான் ஒரு துண்டு வாயில் போட்டேன், கசந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. சளிக்கு நல்லது என்று இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியும் அவளுக்குக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சு வேகவேகமாக வாங்கியது. "அக்கா, தல சுத்துது" என்றாள். கண் செருகியது.

என் அலறலைக் கேட்டு, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றுப் பத்து நாளான ராசம்மா ஓடி வந்தாள். பானையைப் பார்த்தாள். "ஐயோ, வெசம் ஆவியில போகவிடாம மூடி போட்டா அவிச்சீங்க? நீலம் பாஞ்ச கெழங்கையா? வீசுறதுக்குல்ல வச்சிருந்தாங்க!" பிள்ளையின் பக்கத்தில் இருந்த கோப்பையை எடுத்து முகர்ந்தாள். "மரவள்ளி தின்னா இஞ்சியத் தொடவே மாட்டோமே! வெசமாப் போயிருமே!"

அங்கே பிறந்து வளர்ந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் அன்று ஊரில் இல்லை. "நான் மலைக்கு, கொழுந்து எடுக்கிற அக்காவுக்குச் சொல்லி விடுறேன், நீங்க ரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடுங்க!" என்றாள் ராசம்மா. ஓடினேன். வழுக்கி விழுந்தேன். எழுந்து ஓடினேன். ரோட்டில் ஒரு வாகனமும் இல்லை. பெரிய ரோட்டில் மண் சரிந்து பஸ் வரவில்லை என்று எதிரே வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

செல்வியின் கை தொங்கிவிட்டது.

ஜெபிக்க வாயைத் திறந்தேன். விஷம் வைத்தவள் நான். எந்த முகத்தோடு கேட்பேன்? அந்தச் சேற்றில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. தப்பு என்னுடையது. பிள்ளை உம்முடையது." அவ்வளவுதான் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வளைவில் ஒரு வேன் வந்தது.

பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லாரும் அவரை நானா என்பார்கள். சனிக்கிழமைகளில் மட்டும்தான் எங்கள் லயங்களுக்குத் துணி கொண்டுவருவார். "பசறையில இருந்து வாறேன். ரோட்டுல மண் விழுந்திருச்சு, அதான் தோட்டப் பாதையில சுத்திப் போறேன். ஏறுங்க புள்ள, ஏறுங்க!" என்றார். பஸ்ஸைத் தடுத்த அதே மண்சரிவுதான் அவரை என்னிடம் திருப்பிவிட்டது.

வழியெல்லாம் நான் அழுதேன். "நீங்க உங்கட ஆண்டவர்ட்ட கேளுங்க. நானும் அல்லாஹ்கிட்ட கேட்டுட்டுத்தான் ஓட்டுறேன்" என்றார்.

ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. நானாதான் கூடவே நின்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். வயிற்றைக் கழுவி ஊசி போட்டார்கள். "இப்ப ஒண்டும் சொல்ல ஏலாதாம்" என்றார் நானா.

சாயங்காலம் ஞானம்மா அக்காவும் அண்ணனும் நனைந்தபடி வந்து சேர்ந்தார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "நான்தாங்கக்கா, நான்தான்..." அக்கா என் கையை உதறிவிட்டுக் கட்டிலுக்குப் போனார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெளி வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அவள் பிழைத்தால் போதும் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அக்கா வெளியே வந்தார். முகம் வீங்கியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு முழிச்சிட்டா. தண்ணி கேட்டா."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்னையும் கேட்டா," என்றார். பிறகு மடியிலிருந்து அரைத் துண்டு பாண், அதாவது ரொட்டி, எடுத்து என் கையில் வைத்தார். "நேத்துலேருந்து ஒண்ணும் திங்கலையாமே நீ. தின்னு தங்கச்சி."

அந்தப் பாணைத் தின்றபோது நான் அழுத அழுகையைக் கர்த்தர் அறிவார். எத்தனையோ திருவிருந்தில் பங்கெடுத்திருக்கிறேன். மன்னிப்பு என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

செல்வி நான்காம் நாள் வீட்டுக்கு வந்தாள். அதன்பின் நான் யாருடைய வீட்டிலும் எல்லாம் தெரிந்தவளாக நுழைந்ததில்லை. இது எப்படி, அது எப்படி என்று கேட்டுக் கேட்டே இந்த ஊழியத்தில் இத்தனை வருடம் ஓடிவிட்டது.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது, "இந்த ஆபத்தை நானே வரவழைத்துக்கொண்டேன், எப்படி ஜெபிப்பேன்?" என்று கூசி நிற்கிறீர்களா? நானும் அப்படித்தான் நின்றேன். யோக்கியதை வரும்வரை காத்திருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கமாட்டாள். தப்பைத் தப்பென்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கேளுங்கள்.