இளைக்காத எடைக்கல்

வினை தீர்க்கும் பிள்ளையாரை வணங்கி, என் அண்ணனைப் பற்றி எழுத அமர்ந்தேன். அதிகம் படித்தவனில்லை, பிழையிருந்தால் உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் குருபோங் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறைவனடி சேர்ந்துவிட, என்னையும் வளர்த்து ஆளாக்கி, காஜா பெராங்கில் சிறு மளிகைக் கடை வைத்தார்.

ஜப்பான்காரன் காலத்தில் கடையிலுள்ள இரும்பு எடைக்கற்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். பதிலுக்கு நான் ரோட்டோரக் கல் ஒன்றைப் பொறுக்கி வந்தேன். அண்ணன் நகத்தால் சுரண்டினார், சிவப்பாய் உதிர்ந்தது.

"இது தேயும்டா. நாம போடுற அரிசியும் அதோட குறையும். அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

இரும்பைக் கொடுக்குமுன், தராசோடு லேடாங் மலை ஓடைக்குச் சைக்கிள் மிதித்தோம். வெள்ளம் உருட்டி, ஒன்றோடொன்று மோதி, முனையெல்லாம் போன கற்களையே அண்ணன் எடுத்தார். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். கீறினால் பொடி வரக்கூடாது. ஒரு காட்டி இரும்புக்கல்லுக்கு, இன்றைய கணக்கில் அறுநூறு கிராமுக்கு, சரியான கருங்கல் அகப்பட்டபோது பொழுது சாய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார்: "ஊரே இளைக்குது, உங்க கல்லு மட்டும் இளைக்காதா?"

"இளைக்க வேண்டியதெல்லாம் ஆத்துலயே இளைச்சிருச்சு அக்கா" என்பார் அண்ணன்.

யாரோ எடை மோசமென்று புகார் சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜப்பான் சிப்பாய் ஒருவன் இரும்புக் காட்டிக் கல்லோடு வந்தான். எடையில் ஏமாற்றினால் கை போகும் என்று ஊரில் பேச்சு. இரண்டையும் தராசில் வைத்தான். எங்கள் கல் கீழே இறங்கியது. அதில் அப்பியிருந்ததைச் சுட்டி, "அரிசி விற்க வருகிறவனிடம் கூடுதலாக வாங்க, என்ன ஒட்டியிருக்கிறாய்?" என்று மலாயில் கத்தினான். அண்ணனின் மணிக்கட்டைப் பலகையில் அழுத்திக் கத்தியை உருவினான்.

அண்ணி உள்ளிருந்து ஓடி வந்தார். "பூசைக்கு நாந்தான் சந்தனம் வச்சேன் தம்பி. கழுவிப் பாக்கச் சொல்லுங்க."

அதை மலாயில் சொன்னேன். அவன் தலையசைத்தான். அண்ணி கல்லைக் கழுவி, முந்தானையால் துடைத்து வைத்தார். முள் ஆடியது, ஆடியது, நடுவில் நின்றது.

போகும்போது அவன் அண்ணனை ஓர் அறை அறைந்துவிட்டுத்தான் போனான். வீங்கிய கன்னத்தோடு அண்ணன், காத்திருந்தவர்களுக்கு அரிசி நிறுத்தார். புகார் சொன்னது யாரென்று கடைசிவரை கேட்கவில்லை.

சென்ற ஆண்டு மூச்சிரைப்பில் படுத்தவர், திருநீறு பூசச் சொல்லிக் கண் மூடினார். கருமாதியில் அண்ணனாகப் பாவித்துக் கல் நட, அண்ணி அந்தக் கல்லையே எடுத்துக் கொடுத்தார்.

அன்று தோள் கொடுத்த செமாபோக் உறவினர்களுக்கும், சோறு சமைத்து வந்த புக்கிட் பாரு சகோதரிகளுக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

சடங்கு முடிந்து கல்லைக் கடலில் விடப் புறப்பட்டபோது அண்ணி கேட்டார்: "ஒரு தடவை நிறுத்துப் பாருங்க தம்பி."

சண்டை முடிந்தபின் வாங்கிய இரும்புக் காட்டியை மறுதட்டில் வைத்தேன். முள் நடுவில் நின்றது.