கிணற்றில் மிதந்த மண்ணெண்ணெய்

செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு வளவுக்கும் பக்கத்து வீட்டு வளவுக்கும் ஒரே கிணறுதான். மண்ணெண்ணெய்க்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடம் அந்தக் கிணற்றை நான் கெடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

மருமகன் எங்கெங்கோ அலைந்து ஒரு கான் நிறைய மண்ணெண்ணெய் கொண்டுவந்து தந்தார். களவு போகுமென்று வீட்டுக்குள் வைக்கப் பயம். சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து ஓடிய காலங்களில் பித்தளைப் பானை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டுத்தான் போவோம். திரும்பி வந்து தோண்டினால் அப்படியே இருக்கும். அந்தப் பழக்கத்தில் கானையும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் புதைத்து, மேலே ஓலை போட்டு மூடினேன். பித்தளை வேறு, வெயிலில் கிடந்த பழைய பிளாஸ்டிக் கான் வேறு என்று அப்போது புத்தியில் படவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இயந்திரத்துக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லாமல் அவருடைய படகு கரையில் கிடந்தது. ஒரு நாள் அவர் மனைவி வேலியோரம் வந்து நின்றாள்.

“மாமி, கொஞ்சம் மண்ணெண்ணெய் இரிக்கா? ஒருக்கா கடலுக்குப் போய் வந்தா திருப்பித் தந்திருவம்.”

“எனக்கேது புள்ள? நானும் விறகுதான் எரிக்கிறன்.”

விறகு எரித்தது உண்மைதான். அதனால் பொய் சொன்னது போலவே எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, காலையில் தண்ணீர் அள்ளப் போன பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றடியில் நின்று கத்தினார்.

“பெரியம்மா, ஓடி வாங்க! நம்மட நிலத்துக்கடியில எண்ணெய் கிடக்கு!”

தண்ணீரில் நிறம் நிறமாய்ப் படலம் மிதந்தது. நிலத்து எண்ணெயும் இப்படித்தான் மணக்கும் என்று அவர் நினைத்திருப்பார். வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. அதற்குள் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீட்டுச் சனமெல்லாம் கூடிவிட்டது.

“மன்னார்க் கடலுக்கடியிலயும் இரிக்காம். நம்மட நாட்டிலயே தோண்டி எடுத்தா விலை தன்னால விழும்” என்றார் அவர்.

அங்கே நின்ற ஓட்டோக்காரர் சிரித்தார். “தோண்டுறதுக்கு ஆர் காசு குடுக்கிற? வெளிநாட்டான் வந்து தோண்டினா வெளிநாட்டு விலைக்குத்தான் விப்பான். அது வாறதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் போயிரும்.”

“உனக்கு இப்பவே பாதி இல்லையே!” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் தோய்த்த சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் நிரப்பி, சைக்கிளில் ஏறப் போனார். பிரதேச செயலகத்தில் காட்டப் போகிறாராம். “அவங்க வந்து பாத்தா நமக்கு ஒரு வழி பிறக்கும்” என்று மனைவிக்குச் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவள் கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு வந்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்க முடியாதே. செயலகக் கந்தோரில் நாலு பேர் முன்னால் அவர் அந்தப் போத்தலோடு நிற்பதை நினைத்தேன். கால் தானாக நடந்தது.

“மனே, போகாத. அது நிலத்து எண்ணெய் இல்ல. என்ட எண்ணெய்.”

இரண்டு பேரையும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனேன். மண்வெட்டியால் இரண்டு தரம் வெட்டினார், கான் தெரிந்தது. பக்கம் வெடித்து, பாதிக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தது. அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். மனைவிதான் கேட்டாள்.

“நான் வந்து கேட்ட அண்டைக்கும் இது இஞ்சதான் கிடந்ததா, மாமி?”

“ஓம் புள்ள.”

மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாமென்று சொல்ல அவருக்கு வழியில்லை, படகு ஓட வேண்டுமே. துணியில் வடித்து எடுத்துப் போனார். கிணற்றை இரண்டு வீடுமாகச் சேர்ந்து திரும்பத் திரும்ப இறைத்தோம். மாரி மழை வரும்வரை வாசம் போகவில்லை.

இப்போதும் வானொலியில் கடலுக்கடி எண்ணெயைப் பற்றிச் சொல்கிறார்கள். எடுத்தால் விலை குறையுமா என்று எனக்குத் தெரியாது. என் வளவுக்கடியிலும் எண்ணெய் கிடந்தது. கேட்ட அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு போத்தல்கூடப் போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கும் என்னை மாமி என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் சமையலுக்கு நடுவில் உப்பு முடிந்தாலும், அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்குத்தான் போகிறாள்.