கடைசி வளைவில் நின்ற சைக்கிள்

என் மகளிடம் நான் பொய் சொன்னேன். மலைப்பாதைகளுக்கென்று எடை குறைந்த மின்சார சைக்கிள் ஒன்றை அவள் வடிவமைத்திருந்தாள். கட்டபெட்டு தேயிலைத் தோட்டத்தில் அதை ஓட்டிப் பார்த்துக் குறைகளைச் சொல்லச் சொன்னாள். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. ஆனால் செங்குத்தான கடைசி வளைவில் என் கால் தடுமாறியது. மிதிப்பது நின்றதும் மோட்டாரும் நின்றது. மேடு முழுவதும் தள்ளிக்கொண்டே ஏறினேன். வீட்டில், "அருமையா ஏறுதும்மா" என்றேன்.

அதை நம்பி, மாதிரியைத் தயாரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்க மறுநாள் காலை கோவைக்குக் கிளம்பினாள். வாசலில் உண்மையைச் சொன்னேன்.

"வயசாயிருச்சுன்னு நீ நெனச்சுருவேன்னு மறைச்சுட்டேன்."

"உங்க வயசுக்காரங்களும் ஏறோணும்னுதானுங்கப்பா இதைச் செஞ்சதே!"

பயணத்தை நிறுத்தினாள். அவள் முன்னால் ஓட்டிக் காட்டினேன்; அதே வளைவில் மறுபடியும் நின்று, இறங்கித் தள்ளினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் சிரித்தார்: "ஏனுங்க சார், இன்னைக்கும் வண்டிய நடத்தித்தான் கூட்டிட்டுப் போறீங்களா?"

மிதிப்பது நின்றாலும் மோட்டார் சற்று நேரம் உந்தும்படி மகள் மாற்றியமைத்தாள். அடுத்த மாதம் இறங்காமலே ஏறினேன். என் மகள் செய்த வண்டி என்று அந்தப் பெண்ணிடம், அவர் கேட்காமலே சொன்னேன். இறக்கத்தில் பிரேக் கிறீச்சிட்டது. அதையும் மகளிடம் சொன்னேன், குறித்துக்கொண்டாள்.