குடத்துக்கு ஒரு முக்காலி

"எனக்கே ரெண்டு கால் இருக்கறச்சே, நான் உட்கார்ற பலகைக்கு எதுக்குக் கால்?"

இந்த மகாவாக்கியம் மைசூரில், 1926ஆம் வருஷத்துச் சித்திரையில், ஒரு கல்யாணப் பந்தியில் பிறந்தது. அருளிச்செய்தவர் மண்டயம் திருநாராயணன். நில அளவை ஆபீசில் முப்பது வருஷம் ஊராருடைய எல்லைகளை அளந்து ஓய்ந்தவர். தம் பேச்சுக்கு மட்டும் எல்லைக்கல் நடத் தெரியாதவர். பெங்களூர்ச் சம்பந்திகள் ஆத்தில் மேஜை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம் என்று யாரோ சொல்லப்போக, வந்த வினை அது.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தச் சரித்திரத்துக்கு வேலை இருந்திராது. "நூறு வயசானாலும் மணையில உட்காருவேன், கை ஊன்றாம எழுந்திருப்பேன். காலுள்ள ஆசனத்துல இந்தச் சரீரம் உட்காராது, ஆமாம்!" என்று இலையில் ஒரு தட்டும் தட்டினார். பாயசம் தெறித்தது.

எதிர்வரிசையில் மைத்துனன் நம்பி உட்கார்ந்திருந்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சித்திர வாத்தியார். "எல்லாரும் கேட்டுண்டேளோன்னோ?" என்று மட்டும் கேட்டான். பார்த்ததை மறக்காமல் இருப்பதுதான் சித்திர வாத்தியாருக்குச் சம்பளம்.

மணைக்கும் மனைக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், கன்னடத்திலும் ஓர் எழுத்துதான். திருநாராயணனுக்கு அந்த வித்தியாசமும் கிடையாது. பலகை போனால் குடும்பமே போயிற்று என்றிருந்தார். பலகை போகவில்லை. மூன்றாம் வருஷம் முழங்கால் போயிற்று.

உட்காருவதில் சங்கடமில்லை, பூமி எல்லாரையும் இழுத்துக்கொள்ளும். எழுந்திருப்பதுதான் சங்கடம். சாதாரண நாட்களில் மனைவி அம்புஜவல்லி அடுக்களைக்குள் போகும்வரை காத்திருப்பார். பிறகு மணையோடு நகர்ந்து நகர்ந்து ஜன்னலை அடைந்து, கம்பியைப் பிடித்து எழுவார். கம்பியைப் பிடிப்பது கை ஊன்றுவதாகாது என்பது அவருடைய வியாக்கியானம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்பி சாப்பிட வந்தான். வந்தவன் ஜன்னலடியில் உட்கார்ந்தான்.

சாப்பாடு முடிந்தது. மோர் முடிந்தது. பந்தியில் மூத்தவர் எழுந்திருக்காமல் இளையவர் எழுந்திருக்கக் கூடாது. ஆகவே நம்பி உட்கார்ந்திருந்தான். மூத்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஆகவே அவரும் உட்கார்ந்திருந்தார். சாஸ்திரமும் கீல்வாயுவும் கைகோத்து இரண்டு பேரையும் சிறைவைத்தன.

"அத்திம்பேர், கை காயறது."

"அவசரப்படாதே. சாப்பிட்ட உடனே எழுந்திருந்தா ஜீரணம் கெட்டுப்போகும்."

"அரை மணியாச்சு. ஜீரணமே ஆயிடுத்து. இன்னொரு தரம் பரிமாறச் சொல்லட்டுமா?"

"எங்க காலத்துல பந்தியிலேயே சதஸ் நடக்கும், தெரியுமோ?"

"நடக்கட்டும். மூணு மணி ரயில் மட்டும் எனக்காக நிக்காது." நம்பியின் கண் அத்திம்பேரின் முழங்காலை விட்டு அசையவில்லை. படம் வரைவதற்கு முன் பார்க்கிற பார்வை அது.

திருநாராயணன் வலது முழங்காலிடம் மனத்துக்குள் கெஞ்சினார். அது கேட்கவில்லை. இடதிடம் கெஞ்சினார். அது வலதையே கேட்கச் சொன்னது. இன்றைக்கு நம்பி பார்த்துவிட்டால், நாளை ஸ்ரீரங்கப்பட்டணம் முதல் மேல்கோட்டைவரை அந்தக் கல்யாணப் பந்தி மறுபடியும் பரிமாறப்படும்.

அப்போது கொல்லையிலிருந்து அம்புஜவல்லியின் குரல் வந்தது. "அய்யய்யோ! நம்பி, ஓடி வாடா! பசு அவரைப் பந்தல்ல நுழைஞ்சுடுத்து!"

சாஸ்திரத்தைவிட அவரைப் பந்தல் பெரிது. நம்பி ஓடினான். மறு கதவால் உள்ளே வந்த அம்புஜவல்லி கணவரின் இரு அக்குளிலும் கை கொடுத்து நிறுத்தினாள். நம்பி திரும்பியபோது அத்திம்பேர் கை அலம்பிக்கொண்டிருந்தார்.

"பசுவே இல்லையே! நீங்க எழுந்துண்டதையும் பார்க்கக் கொடுத்துவைக்கல. பரவாயில்லை, அடுத்த ஞாயிறு வரேன்."

அவன் போனதும் அம்புஜவல்லி சொன்னாள்: "ஒரு முக்காலி வாங்குங்கோ. வாராவாரம் பசுவுக்கு நான் எங்கே போவேன்?"

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா வந்து தூக்கி விடறது?"

செவ்வாய்க்கிழமை, குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்த காளிதாஸின் மரச்சாமான் கடைக்குள் நுழைந்தார். ஏலத்தில் எடுத்ததையும் புதிதாகச் செய்ததையும் ஒரே கூரையின்கீழ் விற்கிறவன் அவன். கன்னடத்தையும் தமிழையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவன்.

"பன்னி ஸ்வாமி, வாங்க. என்ன வேணும்?"

"முக்காலி… ஆத்துல குடம் வைக்க."

வாய் முந்திக்கொண்டது. மனிதன் மாட்டிக்கொள்வதற்கு எலிப்பொறி வேண்டியதில்லை, ஒரு வார்த்தை போதும்.

காளிதாஸ் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தான். முக்காலமும் முக்காலியாக நின்றது. இறந்தகாலம் ஒரு துரைசானியின் பங்களா ஏலத்தில் வந்த ஈட்டிமரம். காலெல்லாம் கொடியும் இலையும் இழைத்தது, வயது நூறு. இடைப்பட்டது நாடகக் கொட்டகை ஹார்மோனியக்காரர் முப்பது வருஷம் உட்கார்ந்து நடுவில் குழிந்தது. மூன்றாவது போன வாரம் செய்த தேக்கு. வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

திருநாராயணன் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அவருடைய உடம்பின் வேறொரு பாகம் பார்க்கவேண்டிய வேலை அது.

"கையில என்ன தெரியும் ஸ்வாமி? ஸ்வல்ப உட்கார்ந்து பாருங்க."

"நானா? பெருமாள் தீர்த்தக் குடம் வைக்கற இடத்துல மனுஷன் உட்காரலாமோ? மடி என்னத்துக்கு ஆறது?"

"ஹௌது, வாஸ்தவம்! நான் யோசனையே பண்ணல." காளிதாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அப்ப இந்தப் பழசு பேடா, வேண்டாம். இதுல எத்தனை துரைசானி உட்கார்ந்தாளோ! ஹார்மோனியக்காரர் கள்ளு குடிப்பார், அதுவும் பேடா." இரண்டையும் உள்ளே தள்ளினான்.

"இந்தப் புதுசு…" என்று திருநாராயணன் ஆசையோடு ஆரம்பித்தார்.

"ஐயோ, காலையில நானே அதுல உட்கார்ந்து காப்பி குடிச்சேன் ஸ்வாமி. உங்களுக்குப் பொய் சொல்வேனா?" என்றவன், பரணிலிருந்து ஒன்றை இறக்கினான். புத்தம் புதியது. நடுவில், குடத்தின் அடி உட்கார வாகாய், வட்டமாய் ஒரு ஓட்டை. "யாரும் உட்காரல. உட்காரவும் முடியாது!"

தம் சாமர்த்தியத்தாலேயே நான்கு பக்கமும் சுவர் எழுப்பிக்கொண்ட திருநாராயணன், வாசலில்லாத அந்த வீட்டுக்குள் நின்றபடி அதை வாங்கிக்கொண்டார்.

அம்புஜவல்லி ஓட்டை வழியே தரையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். குடத்தைத் தூக்கி அதில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"நன்னா இருக்கு. குடத்துக்குத்தான் கீல்வாயு இல்லை" என்றாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் குடம் இடுப்புயரத்தில் கொலுவீற்றிருக்க, அதன் எதிரே அவர் தரையில் கிடந்தார். வெள்ளிக்கிழமை சாப்பிட்ட பிறகு ஜன்னல்வரை நகரவே முக்கால் மணியாயிற்று. அன்று ராத்திரி பசியில்லை என்றார். பசித்தது. சனிக்கிழமை காலையில் குடையை எடுத்தார்.

"குடம் சௌக்கியமா ஸ்வாமி?" என்றான் காளிதாஸ்.

காளிதாஸ் அவர் நின்ற நிலையைப் பார்த்தான். ஒரு கை தூணில் இருந்தது. மறுபேச்சில்லாமல் உள்ளே போய் அந்த மூன்றையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கட்டில் காலை இழைக்கத் தொடங்கினான்.

திருநாராயணன் சந்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். துரைசானியுடையதில் உட்கார்ந்தார். பாதம் தரையில் படாமல் தொட்டில் குழந்தையாய்த் தொங்கியது. தேக்கில் உட்கார்ந்தார். எழுந்தபோது வேஷ்டி வர மறுத்து வார்னிஷோடு வழக்காடியது. ஹார்மோனியக்காரருடையதில் உட்கார்ந்தார். குழிவு அவரை எதிர்பார்த்திருந்ததுபோல ஏந்திக்கொண்டது. பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்தன. முழங்கால் மடங்கிய இடத்தில் வலி கொஞ்சம் யோசித்தது, வேண்டாமென்று விட்டுவிட்டது.

எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

இழைப்புளிச் சத்தம் நின்றது. "வேற ஏதாவது ஸ்வாமி?"

திருநாராயணன் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைவிட ஒரு சாண் உயரமா இன்னொண்ணு இருக்கா?" என்றார் மெதுவாக. "இலை போட."