குரங்கணிக்கு மேலே ஏறிய புதுக் கார்

முந்தல் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய பாய். போடியில் முதலாளி வீட்டிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு பஸ்கள் தாண்டிப் போயின. நான் கை காட்டவில்லை. உட்கார்ந்தால் யோசனை வரும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஊரைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே ஒரு இடத்திலிருந்து போகும்போது நடந்துதான் போவேன்.

பின்னால் வந்த ஜீப் ஒன்று என் பக்கத்தில் வேகம் குறைத்தது. ஓட்டியவன் முன்பு என்னோடு குரங்கணி ஜீப் ஸ்டாண்டில் இருந்தவன்.

“என்னண்ணே, தவக்களை எங்க? தாவிப் போயிருச்சா?”

பின்னால் இருந்த தோட்டத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

“மதுரையில கெடக்கு” என்றேன்.

“இன்னும் மூச்சு வரலையா?”

“வரல.”

“சரி, ஏறிக்க. தொத்திக்கிட்டு வந்துரலாம்.”

“நடந்து வர்றேன் மாப்ளே. நீ போ.”

தவக்களை என்று அவன் சொன்னது என் முதலாளியின் புதுக் காரை. தரையோடு தரையாகப் பதுங்கி உட்கார்ந்திருக்கும் என்பதால் ஜீப்காரர்கள் அதற்கு அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் காரால்தான் நான் அன்று நடந்துகொண்டிருந்தேன்.

முதலாளி போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். நிலத்தில் பாடுபட்ட குடும்பம். மலையில் பச்சை ஏலக்காய் வாங்கிக் காயவைத்து விற்கத் தொடங்கி, பிறகு போடி ஏல மையத்தில் உட்கார்ந்து ஏலம் கேட்கும் அளவுக்கு வந்தவர். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டமும் வாங்கியிருந்தார். அவருடைய ஜீப்பையும் லோடு வண்டியையும் நான் பதினோரு மாதம் ஓட்டினேன். எனக்கு அது பெரிய காலம். திருப்பூரில் பனியன் கம்பெனி, மூணாறில் ஓட்டல், பூப்பாறைப் பக்கம் மருந்தடிக்கும் வேலை, லாரியில் கிளீனர், குரங்கணியில் வாடகை ஜீப் என்று எதிலும் ஐந்து மாதத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. இங்கே ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருந்தார். ஒரு ஜன்னல், ஒரு குழாய், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு. அதுவரை நான் படுத்த இடங்களிலெல்லாம் கூட ஆறேழு பேர் படுத்திருப்பார்கள். முதல் முறையாக ஒரு இடத்தை விட்டுப் போக வேண்டாம் என்று தோன்றியது.

கார் வாங்கும் எண்ணம் அவருக்கு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் ஏல மையத்து வாசலில் ஜீப்பை நிறுத்தினோம். பெரிய வியாபாரி ஒருவர் தன் காரில் சாய்ந்துகொண்டு, “என்ன, லோடு எறக்க ஆள் வேணுமா?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். முதலாளியும் சிரித்தார். அடுத்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார்.

கார்க் கடை முழுக்கக் கண்ணாடி. கோட்டுப் போட்ட ஒருவர் எங்களுக்கு ஜூஸ் கொடுத்தார். அது வெளிநாட்டுப் பெரிய கம்பெனி. அதன் கார்களிலேயே சிறியதை முதலாளி கேட்டார். “சின்னதுன்னாலும் பேரு அதே பேருதான?” என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, “மலை ஏறுமா?” என்றார்.

“ரோடு இருக்கிற எல்லா எடத்துக்கும் போகும் சார்.”

அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இருந்தது. எனக்கும்தான். எங்களுக்கு ஜீப் போகிற இடமெல்லாம் ரோடு.

கார் வந்த பிறகு வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்கள். சட்டைப் பையில் எப்போதும் நாலு ஏலக்காய் வைத்திருக்கிற முதலாளி, அவற்றை வாசல் திண்டில் வைத்துவிட்டுத்தான் காரில் ஏறுவார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடவில்லை. பின் சீட்டில்தான் முதலாளிகள் உட்கார வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதால் அங்கே உட்காருவார். தெருமுனை தாண்டியதும் தலை சுற்றுகிறது என்று முன்னால் வந்துவிடுவார். எஞ்சின் சத்தமே கேட்காது. ஓடவில்லை என்று நினைத்து நான் திரும்பவும் பொத்தானை அழுத்தி அணைத்த நாட்கள் உண்டு. காலையில் அதைத் துடைக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் உள்ளே ஒரு பயமும் இருந்தது. ஜீப்பில் எது கெட்டாலும் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். இதில் மூடியைத் திறந்தால் இன்னொரு மூடி இருந்தது.

முதலாளியிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர் வாங்கிய மொபெட், ஜீப், லோடு வண்டி எல்லாம் தோட்டத்துச் சாமி முன்னால்தான் முதல் எலுமிச்சம்பழத்தை நசுக்கின. கோயில் தோட்டத்தின் மேல் முனையில், ஒரு பலா மரத்தடியில் இருக்கிறது. அந்தப் பூசை முடியாமல் எந்த வண்டியையும் தொழிலுக்கு எடுக்க மாட்டார். மழையில் பாதை சேறாகிக் கிடந்ததால் மூன்று வெள்ளிக்கிழமை தள்ளிப் போயிற்று. அதுவரை காரை அவர் ஏல மையத்துப் பக்கம் கொண்டுபோகவே இல்லை.

நாலாவது வெள்ளி கிளம்பினோம். நான், முதலாளி, பின் சீட்டில் பூசைத் தட்டோடு அவர் மனைவி. குரங்கணியில் தார் ரோடு முடிந்ததும் நிறுத்தினேன்.

“மொதலாளி, இங்கனயே பழம் வச்சிருவோமா? சாமி மேல இருந்து பாத்துக்கிராதா?”

“ஏன், உன் சௌகரியத்துக்குச் சாமி கீழ எறங்கி வரணுமாக்கும்? பத்தரைக்கு ராகு காலம். ஓட்டு.”

ஓட்டினேன். இரண்டாவது ஓடையைக் கடக்கும்போது அடியில் ஒரு கல் தட்டியது. கொஞ்ச தூரத்தில் எண்ணெய்க் குடுவை மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்திக் குனிந்து பார்த்தேன். எஞ்சின் ஆயில் இருக்கும் தொட்டியில் நகக்கண் அளவு கீறல். ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்துச் செய்தது முழுக்க என் யோசனை. மலை ஜீப்பில் டீசல் டாங்கி ஒழுகினால் துணி சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்புவோம். அப்படியே நாலு நாள் ஓடும். நானே பலமுறை செய்திருக்கிறேன். ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

“ஆத்தா, சோப்பு ஒரு துண்டு தா.”

“கார்க்காரவுகளுக்கு நம்ம சோப்பு சேருமா?” என்று கேட்டுக்கொண்டே பாதிக் கட்டியை உடைத்துக் கொடுத்தாள்.

அப்பினேன். சொட்டு நின்றது. மேலேயிருந்து இறங்கிவந்த ஒரு ஜீப்காரரிடம் கேன் ஆயில் வாங்கி ஊற்றினேன். விளக்கு அணைந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார். “இதுக்குத்தான் ஜீப்பு ஓட்டுன ஆள் வேணுங்கிறது.”

அந்தத் தட்டு எனக்குப் பிடித்திருந்தது. “போயிரலாம் மொதலாளி” என்றேன்.

டாங்கியில் இருக்கும் டீசல் பச்சைத் தண்ணீர் மாதிரி. எஞ்சின் ஆயில் கொதிக்கும். கொதிக்கிற எண்ணெயில் சோப்பு நிற்காது. இதை யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. கடைசி ஏற்றத்தில் விளக்கு மறுபடியும் எரிந்தது.

“திரும்ப எரியுது மொதலாளி.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எரிஞ்சா எரியட்டும். பலா மரம் தெரியுதுல்ல? நிறுத்தாத.”

நான் நிறுத்தவில்லை. மிக்சியில் கல் விழுந்தது போல ஒரு சத்தம் வந்தது. கோயிலுக்கு இருபதடி இருக்கும்போது எஞ்சின் இறுகி நின்றது.

தோட்டத்து ஆட்கள் பத்துப் பேர் வந்து தள்ளினார்கள். எஞ்சின் ஓடாத கார் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியது. முதலாளி சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, “நேரத்துக்கு வந்துட்டோம்” என்றார்.

டிராக்டரில் கட்டிக் குரங்கணிக்கு இறக்கி, அங்கிருந்து ஒரு லாரியின் மேல் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனோம். லாரி ஏல மையத்து வழியாகத்தான் போயிற்று. ஏலம் முடிந்து ஆட்கள் வெளியே நின்ற நேரம். முதலாளி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து மதுரைப் பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள்; நானும் முதலாளியும் பஸ்சில் போனோம். எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றார் அங்கிருந்த மேலாளர். கல் பட்டதற்கு இன்சூரன்ஸ் உண்டு; விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதற்குக் கிடையாது. எத்தனை நிமிடம் எரிந்தது என்று காரே குறித்து வைத்திருந்ததாம். ஓட்டியவர் நடந்ததை எழுதிக் கொடுத்தால் கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று ஒரு தாளை வைத்துவிட்டு வெளியே போனார்.

முதலாளி என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, நான் வண்டில இல்லைன்னு எழுதிரு. கேக்காம நீயா எடுத்துட்டுப் போன, வெளக்கு வெவரம் உனக்குத் தெரியாது. அம்புட்டுத்தான்.”

“இன்சூரன்சு குடுத்துருவாகளா மொதலாளி?”

“குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. ஏல மையத்துல நாலு பேரு கேக்குறான்ல? டிரைவரு பண்ணுன கோளாறுன்னு நான் சொல்லிக்கிருவேன். உன் சோலி உனக்கு இருக்கு. ரூமும் இருக்கு. லோடு வண்டிய ஓட்டு.”

அவர் மிரட்டவில்லை. கேட்கத்தான் செய்தார். அதனால்தான் கஷ்டமாக இருந்தது. எனக்கு அறை வேண்டும். பேனாவைக் கையில் எடுத்தேன். கேட்காமல் எடுத்துப் போனேன் என்று எழுதினால் அதற்குப் பெயர் திருட்டு. சோப்புக் கொடுத்த பெண், ஆயில் கொடுத்த ஜீப்காரர், தள்ளிய பத்துப் பேர் எல்லோரும் மூன்று பேரையும் காரில் பார்த்தவர்கள். பார்த்தவர்களுக்கு நான் பொய்யன், பார்க்காதவர்களுக்குத் திருடன். அந்த இரண்டோடும் அந்த அறையில் எத்தனை நாள் தாழ்ப்பாள் போட்டுப் படுக்க முடியும் என்று தெரியவில்லை.

என் எழுத்து கோணலாக இருக்கும். ஆனாலும் எழுதினேன். கல் பட்டது. சோப்பு வைத்தது என் யோசனை. விளக்கு இரண்டாவது முறை எரிந்ததைப் பார்த்தேன், பார்த்தும் ஓட்டினேன். முதலாளி பக்கத்தில் இருந்தார்; நிறுத்த வேண்டாம் என்றார்.

அவர் இரண்டு தடவை படித்தார். “இத நீ போடியிலயே சொல்லியிருந்தா நான் பஸ் ஏறி இம்புட்டுத் தூரம் வந்திருக்க மாட்டேன்ல” என்றார். தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஊர் திரும்பும்போது பஸ்சில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தோம்.

மறுநாள் காலை ரூம் சாவியைத் திண்டில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அவர் உள்ளே போன பிறகு அவர் மனைவி வாசல் வரைக்கும் வந்தார்.

“நானும்தான் பின்னால உக்காந்திருந்தேன் தம்பி. என்னைய ஒருத்தரும் கேக்கலையே” என்றார். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அப்படிக் கிளம்பியதுதான் அந்த நடை. பொழுது சாய்வதற்குள் குரங்கணி போய்ச் சேர்ந்தேன். ஜீப் ஸ்டாண்டில் எனக்கு ஆயில் கொடுத்தவர் இருந்தார். மூன்று ஜீப் வைத்திருப்பவர். மதுரையில் நான் எழுதியதைச் சொன்னேன். உண்மையை எழுதியதால் வேலை போனது என்று சொல்லும்போது, அவர் என்னைக் கொஞ்சம் மெச்சுவார் என்றுகூட எதிர்பார்த்தேன். ஒரு ஜீப் ஓட்டக் கொடுங்கள் என்று கேட்டேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

“மாப்ளே, வெளக்கு எரியுதுன்னு உனக்குத் தெரிஞ்சுச்சா, தெரியலையா?”

“தெரிஞ்சுச்சுண்ணே. அவருதான் நிறுத்தாதன்னாரு.”

“அவரு வாயி சொல்லுச்சு. மிதிச்ச காலு யாரோடது?”

கக்கத்திலிருந்த பாயைக் கீழே இறக்கி வைத்தேன்.

“என் ஜீப்புல பதினாறு பொம்பளைக ஏறுறாளுக. நாளைக்கு எவனாச்சும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வெரசாப் போன்னு சொல்லுவான். நீ போயிருவ. உன்ட்ட சாவி தர மாட்டேன்ப்பா. கோவிச்சுக்கிராத.”

மதுரையில் அந்தத் தாளை எழுதி முடித்தபோது என் பங்கு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். இவர் கேட்டது அதற்கு முன்னால், அந்தக் கடைசி ஏற்றத்தில் நான் நிறுத்தாததை. அவர் சொன்னது நியாயம். கோபம் வரவில்லை.

“வேற சோலி இருந்தா சொல்லுங்கண்ணே” என்றேன்.

“கட்டை போட ஆள் இல்ல. வர்றியா?”

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருடைய ஜீப்பின் பின்படியில் தொத்திக்கொண்டு நின்றேன். உள்ளே பதினாறு பெண்கள், தூக்குவாளிகள், இரண்டு மூட்டை உரம். என் கையில் ஒரு முக்கோண மரக்கட்டை. ஏற்றத்தில் ஜீப் திணறும்போது குதித்து, பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சொருகிவிட்டு, “போட்டாச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும்; நான் சொன்ன பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். இரண்டாவது ஓடையைத் தாண்டியதும் ஜீப் திணறியது. குதித்தேன்.