ஏரி வழியாக ஒரு காசி யாத்திரை

மே மாதம் வந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. பள்ளிக்கூடங்கள் மூடியதும் பம்பாய் மாட்டுங்காவில் கல்யாணங்கள் தொடங்கிவிடும். நான் தாராவிக்காரன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். நான் எப்படியோ கேமராவைப் பிடித்து, மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன். படமெடுக்கும் கண்ணாடி பிளேட்டுக்கு அதுவும் இல்லை, கிடைத்தால் உண்டு. அதனால் "சும்மா ஒண்ணு தட்டுங்களேன்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறும்.

மாட்டுங்காக் கல்யாணங்கள் எல்லாம் ஒரே அச்சு. அதே ஹால், அதே வாழைமரம், முன்வரிசை நாற்காலியில் அதே மாமாக்கள். ஒரு வருஷம் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு குஜராத்தி சேட்டின் தலைமைக் கணக்கர் தன் பெண்ணின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார். கல்யாணம் பவாய் ஏரிக்கரையில், சேட்டின் கோடைக்கால பங்களாவில். குல்மோஹர் பூத்துச் சிவந்து கிடக்கும் தோட்டம், தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள், வராந்தாவில் பளிங்குத் தரை. முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு, தாராவியில் போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்திப் பெருமை அடித்துக்கொண்டேன்.

இத்தனை ஆடம்பரம் அந்தக் கணக்கரின் குணத்துக்கு ஒட்டாது. நாலு முழ வேட்டி, கக்கத்தில் குடை, வாயே திறக்காத மனிதர். காரணத்தை மாட்டுங்காவில் என் பக்கத்துக் கடை காப்பிப்பொடிக்காரர் சொன்னார். முந்தைய வருஷம் அதே பெண்ணுக்கு முலுண்டில் ஓர் இடம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்த பிறகு பிள்ளை வீட்டார் ஏதோ நொட்டை சொல்லி விலகிக்கொண்டார்களாம். விலகியவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணுக்கு ராசி போதாது என்று ஊர் பேசிவிட்டது. இந்த முறையும் ஏதாவது கோணலானால் அவளுக்கு வேறு இடம் கிடைக்காது. அதனால்தான் இப்போது வந்திருக்கும் தாதர் சம்பந்திகள் எதைக் கேட்டாலும் கணக்கர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் கல்யாணம் என்பதே சம்பந்தி அம்மாளின் யோசனைதான்.

கல்யாணத்தன்று காலை சம்பந்தி அம்மாளை நேரில் பார்த்தேன். வைரத்தோடு, கையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. அதில் யாரோ ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை படகில் உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டி, தன் பிள்ளைக்கும் இதேபோல வேண்டும் என்றார். எப்போது என்று கேட்டேன். காசி யாத்திரையின்போது என்றார்.

அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குடை, விசிறி, கைத்தடி, புத்தகத்தோடு சந்நியாசம் வாங்கக் காசிக்குப் புறப்படுவார். பெண்ணின் அப்பா எதிரே போய், "காசிக்குப் போகாதீங்கோ, என் பொண்ணைத் தரேன்" என்று சொல்லித் திருப்பி அழைத்து வருவார். தெருமுனை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இவர் மட்டும் படகில் போவதாம். சாஸ்திரிகள் முகத்தைச் சுளித்தார். கணக்கர் என்னைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார்.

படகு ஏரியில் இருக்க வேண்டும், பின்னால் பங்களாவும் படிக்கட்டில் உறவுக்கூட்டமும் விழ வேண்டும் என்பது உத்தரவு. அப்படியானால் நானும் படகில் ஏறித்தான் ஆக வேண்டும். கைக்கேமராவோடு முனையில் குந்திக்கொண்டேன். மாப்பிள்ளை நடுவில் பஞ்சகச்சமும் மையிட்ட கண்ணுமாகக் குடையை விரித்து உட்கார்ந்தார். துடுப்புகள் குறுக்கே கிடப்பதைப் பார்த்ததும் சம்பந்தி அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மீன் பிடிக்கப் போகிறவன் மாதிரி இருக்கிறதாம். துடுப்பு கரைக்குப் போயிற்று. பங்களாக் காவல்காரக் கிழவர் கரையிலிருந்து பிடித்திருந்த படகுக் கயிறும் படத்தில் விழும் என்று அடுத்த உத்தரவு. கிழவர் மராத்தியில் ஏதோ முணுமுணுத்தார். மொழி தெரியாத சம்பந்தி அம்மாள் விரலை ஆட்டினார். கயிறு தண்ணீரில் விழுந்தது.

முதல் படம் அருமையாக அமைந்தது. இரண்டாவதற்குக் குறி பார்த்தபோது படிக்கட்டுக் கூட்டம் சிறுத்துப் போயிருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். விரித்த குடையில் காற்று பிடித்து, படகு நிதானமாகக் காசிப் பக்கம் கிளம்பியிருந்தது.

மாப்பிள்ளை குடையை மடக்கினார். பயனில்லை, காற்று விடவில்லை. விசிறியால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார், விசிறி மடங்கியது. எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தாலும் குதித்திருக்க மாட்டேன். எதிர்க்கரைப் பாறையில் முதலைகள் வெயில் காயும் என்று கிழவர் அன்று காலைதான் கைகாட்டியிருந்தார். அதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் தண்ணீரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பஞ்சகச்சத்தை இழுத்து மூடிக்கொண்டார்.

கரையில் ஒரே அமளி. படகு போய் ஒதுங்கும் இடத்தில் பிடிக்கலாம் என்று காவல்காரர் கரையோடு ஓடினார். இன்னொரு சின்னப் படகு படிக்கட்டில் கட்டித்தான் கிடந்தது. ஆனால் வந்திருந்த மாமாக்களில் பாதிப் பேர் அக்கவுண்ட்ஸ், மீதிப் பேர் ரயில்வே ஆபீஸ். துடுப்பில் எந்தப் பக்கம் தண்ணீருக்கு என்று கூட ஒருவருக்கும் தெரியாது. நாகஸ்வரக்காரர்களை யாரும் நிறுத்தச் சொல்லாததால் அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கர் மட்டும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, இரண்டு கையையும் கூப்பி, "போகாதீங்கோ, போகாதீங்கோ" என்று கத்தினார். சடங்குக்குச் சொல்லும் அதே சொல்தான். வாயே திறக்காத அந்த மனிதர் அத்தனை சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"முகூர்த்தம் தப்பினா என்ன ஆகும் சார்?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் மாப்பிள்ளை. அதுவரை அவர் முகத்தில் இருந்த வேடிக்கை போய்விட்டது. "அவ தலையிலதான் விடியும். அம்மா இப்பவே ஆரம்பிச்சிருப்பா."

அப்போதுதான் பங்களாவின் பின்கட்டிலிருந்து பட்டுப்புடவை ஒன்று படியில் இறங்கி ஓடி வந்தது. கல்யாணப் பெண்! மாலை மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது என்று யாரோ அத்தை குறுக்கே விழுந்தாள். பெண் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜடையைத் தூக்கி இடுப்பில் சொருகி, சின்னப் படகின் முடிச்சை அவிழ்த்து, காலால் படியை உதைத்துத் தள்ளினாள். அடுத்த நிமிஷம் துடுப்பு இரண்டும் ஒரே சீராகத் தண்ணீரில் விழ ஆரம்பித்தன. பம்பாயில் குண்டு விழும் என்று ஊரே காலி செய்த சமயம், சேட் அந்தக் குடும்பத்தை இதே பங்களாவில்தான் குடிவைத்திருந்தாராம். அங்கே அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு படகு. இது பிறகு தெரிந்த விஷயம். அப்போது நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் படகுக்கு எட்டும் தூரத்தில் வந்து துடுப்பை நிறுத்தினாள். வியர்வையில் நெற்றிக் குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. தன் படகின் கயிற்றை எடுத்தாள், உடனே எறியவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

"நிஜமாவே போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ" என்றாள். "நான் இப்படியே திரும்பிடறேன். அப்பாவால இன்னொரு தடவை தாங்க முடியாது."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். படகு ஆடியது, நான் கேமராவைக் கட்டிக்கொண்டேன். "போறதா இருந்தா துடுப்பை விட்டுட்டா வந்திருப்பேன்? கயித்தைப் போடு" என்றார்.

அவள் சிரித்துவிட்டுக் கயிற்றை எறிந்தாள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தார். எனக்கு ஒரு பிளேட் செலவானது. சும்மா தட்டியதுதான், கோபம் வரவில்லை.

திரும்பும்போது எதிர்க்காற்று. துடுப்புத் தண்ணீர் தெறித்துப் புடவை நனைய, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வலித்தாள், எங்கள் படகு பின்னால் இழுபட்டு வந்தது. மாப்பிள்ளை கைத்தடியைத் தண்ணீரில் விட்டுத் துழாவித் தன்னாலான உதவியைச் செய்தார். அதனால் படகு கோணிக்கொண்டு போயிற்று. அவள் திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்ததும் விட்டுவிட்டார்.

படியில் கால் வைத்தபோது முகூர்த்தம் தாண்டவில்லை என்று சாஸ்திரிகள் கையை உயர்த்திக் காட்டினார்.  ஆனாலும் சம்பந்தி அம்மாள் வாயைத் திறந்தார். "ஆரம்பமே இப்படி. ஊர்ல பேசிண்டது சரியாத்தான் இருக்கு, இந்தப் பொண்ணோட ராசி..."

"அம்மா" என்றார் மாப்பிள்ளை. உரக்கப் பேசவில்லை, ஆனால் கடைசிப் படியில் நின்றவனுக்கும் கேட்டது. "துடுப்பை எடுக்கச் சொன்னது நீ. போனவனைத் திருப்பிக் கொண்டு வந்தது இவ. ராசி யாருக்கு இல்லேன்னு நான் ஊர்ல சொல்லட்டும்?"

சம்பந்தி அம்மாள் பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவரிடமிருந்து எனக்கு ஓர் உத்தரவும் வரவில்லை. சாஸ்திரிகள் கணக்கரைப் பார்த்து, சாஸ்திரத்துக்கு மாப்பிள்ளையை நீங்கள் ஒரு தரம் அழைக்க வேண்டும் என்றார். கணக்கர் மறுபடியும் கையைக் கூப்பப் போனார். மாப்பிள்ளை தானாகவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார்.

தாலி கட்டும்போது அவர்கள் வழக்கப்படி பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் அழாத அப்பாவை நான் பார்த்ததில்லை. "கண்ணைத் தொடைச்சிக்கிடுங்க சார், மூஞ்சி தெரியணும்லா" என்று சொல்வது எனக்கு வாய்ப்பாடு ஆகியிருந்தது. அன்றும் சொல்வதற்கு வாயெடுத்தேன். பெண் உட்காரும்போது அவள் புடவையின் ஈரம் அப்பாவின் மடியில் சில்லென்று பட்டிருக்க வேண்டும். அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள், மனிதர் சிரிக்கத் தொடங்கினார். கெட்டிமேளம் கொட்டுகிறது, இவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். மாப்பிள்ளை முடிச்சுப் போட முடியாமல் தவிக்கிறார். ஆடாதீங்க சார் என்று கத்தியபடியே படத்தை எடுத்தேன்.

கழுவிப் பார்த்தால் மாப்பிள்ளை தெளிவு, பெண் தெளிவு, அப்பாவின் முகம் மட்டும் கலங்கிப் போயிருந்தது. அதைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றவற்றைக் கணக்கரிடம் காட்டினேன். படகுப் படத்தைக் கூட அவர் சும்மா பார்த்துவிட்டு வைத்தார். ஒதுக்கியதை அவராகவே எடுத்தார். "இதிலே உங்க மூஞ்சி விழல சார், காசு வேண்டாம்" என்றேன்.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "இதுதான் வேணும்" என்றார். "ஒரு வருஷமா நான் சிரிக்கவே இல்லைன்னு என் ஆம்படையா சொல்லுவா. அவளுக்குக் காட்டணும்."